பனிமலைச் சாலையை ஏன் மூடுகிறார்கள்?

நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் வரும் பிப்ரவரி மாதம் இமயமலைப் பகுதிக்குச் சென்று, வாடகைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துப் பனியில் ஓட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஊர் சுற்றிப் பார்க்கும் வயது, நல்ல ஆசைதான். ஆனால் அவர்களுடைய பேச்சில் ஒரு செய்தி அடிபடுகிறது. குளிர்காலத்தில் மூடிவிட்ட கணவாய்ச் சாலையில், குறுக்கே போட்டிருக்கும் தடுப்பைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் படம் எடுத்து வருவதே பெரிய சாதனை என்று அவர்களில் சிலர் எண்ணுகிறார்கள். "நன்றாக ஓட்டத் தெரிந்தவனுக்குப் பனி என்ன, மணல் என்ன?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு "போகாதே" என்று மட்டும் சொல்வது பதிலாகாது. நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரயிலே ஓடாத இந்தத் தீவில் மகன் குடும்பத்தோடு வசிப்பவன். சக்கரம், சரிவு, உராய்வு, அடைத்த பாதை ஆகிய நான்கும் என் தொழிலோடு சம்பந்தப்பட்டவை. ஆகவே இந்த விஷயத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

எந்தச் சாலைகள்?

நம் நாட்டில் பனியால் மூடப்படும் மலைச்சாலைகளில் மூன்றை முக்கியமாகச் சொல்லலாம். முதலாவது, ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாக லே செல்லும் சாலை. அது சுமார் 3,500 மீட்டர் உயரமுள்ள ஸோஜிலா கணவாயைக் கடக்கிறது. இரண்டாவது, மணாலியிலிருந்து லே செல்லும் சாலை. அது பாராலாச்சா, தங்லங் லா போன்ற உயர்ந்த கணவாய்களின் மேல் ஏறி இறங்குகிறது. மூன்றாவது, மணாலிக்கு மேலே 3,978 மீட்டர் உயரத்திலுள்ள ரோதாங் கணவாய்ச் சாலை. 3-10-2020 அன்று 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பிறகு, லாஹுல் மக்கள் குளிர்காலத்தில் ரோதாங்கின் மேலே ஏற வேண்டிய கட்டாயம் நீங்கியது. கணவாய்ச் சாலை மட்டும் இன்றும் குளிர்காலத்தில் பனிக்கடியில்தான் கிடக்கிறது.

நம் தீவுகளில் மிக உயரமான சேடில் பீக் 732 மீட்டர்தான். ரோதாங் அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

உராய்வுக் கணக்கு

ஒரு வண்டி நிற்பதும் திரும்புவதும் டயருக்கும் தரைக்கும் இடையிலுள்ள பிடிப்பால்தான். இப்பிடிப்பை உராய்வுக் கெழு என்ற எண்ணால் அளக்கிறோம். உலர்ந்த தார்ச்சாலையில் இது ஏறத்தாழ 0.7. வண்டிகள் ஓடி இறுகிய பனியில் ஏறத்தாழ 0.2. உருகி மறுபடியும் உறைந்து கண்ணாடி போலாகிவிட்ட பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் குறைவு.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இது நம் தீவுச் சாலையில் சாதாரண வேகம். வினாடிக்கு 11.1 மீட்டர் ஆகிறது. வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் கெழுவையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி இரட்டித்த தொகையால் வகுத்தால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் கிடைக்கும். சமதளத்தில் உலர்ந்த சாலையானால் 9 மீட்டர். இறுகிய பனியானால் 31 மீட்டர். பனிக்கட்டியானால் 63 மீட்டர். பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று மூளைக்குத் தோன்றிக் கை அசைவதற்குள் ஓடும் 11 மீட்டரை இதில் சேர்க்கவில்லை.

மலைச்சாலையோ சமதளமன்று. 20-க்கு 1 சரிவில் இறங்குவதாகக் கொண்டால், கெழுவிலிருந்து 0.05 கழிந்துவிடும். பனிக்கட்டியின் மேல் நிற்கும் தூரம் இப்போது 126 மீட்டராகிறது. சரிவு 10-க்கு 1 என்றால் 0.1-லிருந்து 0.1 கழிந்து மிச்சம் பூஜ்யம். வண்டி நிற்கவே நிற்காது. இதற்கு ஓட்டுபவரின் கைத்திறமை ஒரு பொருட்டே அல்ல. இருபது ஆண்டு அனுபவமுள்ளவருக்கும் நேற்று உரிமம் வாங்கியவருக்கும் பூஜ்யம் பூஜ்யம்தான்.

இனித் திருப்பத்தைப் பார்ப்போம். 15 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவு ஒன்றை உலர்ந்த சாலையில் மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர் வரை வழுக்காமல் எடுக்கலாம். பனிக்கட்டியில் மணிக்கு 14 கிலோமீட்டருக்கு மேல் போனால் வண்டி வெளிப்பக்கம் சறுக்கும். அந்த வெளிப்பக்கத்தில் இருப்பது பள்ளத்தாக்கு.

காருக்கு நான்கு சக்கரம். வழுக்கினாலும் நிமிர்ந்தே வழுக்கும். டயரில் சங்கிலி கட்டினால் ஓரளவு பிடிப்பும் வரும். இருசக்கர வண்டியில் முன்சக்கரம் வழுக்கிய கணமே வண்டி சாய்ந்துவிடும். மேலும், டயரிடம் உள்ள பிடிப்பு மொத்தமாக ஒரே தொகை. பிரேக்குக்கு அதைச் செலவிட்டால் திரும்புவதற்கு மிச்சமிருக்காது. ஏ.பி.எஸ். என்ற நவீன ஏற்பாடு சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்க முடியாது.

ரயில்வேக்காரர்களுக்கு இது பழைய பாடம். இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்பு எப்போதுமே குறைவு. அதனால்தான் எஞ்சினில் மணல்பெட்டி வைத்து, ஈரத் தண்டவாளத்தில் மணல் தூவி ஏறுகிறோம். 12-க்கு 1 சரிவுள்ள நீலகிரி மலை ரயிலில் மணலும் போதாது என்று, இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும்படி செய்தார்கள். சரிவும் வழுக்கலும் சேர்ந்த இடத்தில் திறமையை நம்பாமல் பல்லை நம்பியதுதான் பொறியியல்.

மேலிருந்து வருவது

இதுவரை சொன்னது காலடியில் உள்ள ஆபத்து. மெதுவாகப் போனால் இதில் பாதியையாவது சமாளிக்கலாம் என்று யாரேனும் வாதிடலாம். தலைக்கு மேலுள்ள ஆபத்துக்கு அந்த வாதம் செல்லாது.

மலைச்சரிவில் பனி ஒரே தடவையில் படிவதில்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. அடுக்குகளுக்கிடையே ஒட்டுதல் பலவீனமாக இருந்தால், மேலடுக்கு பலகை போலப் பெயர்ந்து மொத்தமாக இறங்கிவிடும். இதுவே பனிச்சரிவு. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில்தான் இது அதிகம் நேர்கிறது. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி தங்குவதே இல்லை, அவ்வப்போது உதிர்ந்துவிடும். நம் கணவாய்ச் சாலைகள் பல இடங்களில் இத்தகைய சரிவுகளின் அடிவாரத்தை ஒட்டியே வெட்டப்பட்டிருக்கின்றன.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இரவில் குளிர் கடுமை; பகலில் உருகிய நீர் சாலைமேல் பனிக்கட்டியாகிவிடும். ஆகவே காலையில் சாலை வழுக்கும். உச்சிவேளையில் வெயில் ஏறினால் சாலை இளகும். ஆனால் மேலேயுள்ள பனியும் இளகிச் சரிவு இறங்கும் அபாயம் கூடும். எந்த நேரத்தில் போவது என்று கேட்டால், மூடிய சாலையில் நல்ல நேரம் என்று ஒன்று அமைவது அரிது.

பனிக்கடியில் புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அரைமணி கடந்தால் மூச்சடைத்து அந்த வாய்ப்பு மிக வேகமாகக் குறைகிறது. யாருமில்லாத மூடிய சாலையில் அந்தக் கால் மணி நேரத்துக்குள் வந்து தோண்டுவது யார்?

18-1-2019 அன்று லடாக்கின் கர்துங் லா சாலையில் பனிச்சரிவு இறங்கி 10 பேர் புதையுண்டனர். அதற்கு முன், 3-2-2016 அன்று சியாச்சினில் பெரும் பனிச்சுவர் சரிந்து 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்களை மூடிவிட்டது. தமிழக வீரர்களும் அவர்களில் இருந்தனர். பனியில் வாழவும் நடக்கவும் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். ஆறு நாட்களுக்குப் பின் ஒருவர் மட்டும் உயிருடன் மீட்கப்பட்டு, சில நாட்களில் அவரும் மருத்துவமனையில் காலமானார். மலைக்கு நம் வீரமும் பயிற்சியும் தெரியாது.

உடலும் இயந்திரமும்

கடல் மட்டத்தில் வாழும் நமக்கு உயரமே தனிச் சோதனை. லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,359 மீட்டர் உயரமுள்ள கர்துங் லாவில் ஏறத்தாழப் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அதே அளவு குறைகிறது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை முதலில் வரும். பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். அதற்கு உடனே கீழே இறங்குவதே முதல் மருந்து. பனியில் வண்டி சிக்கிக்கொண்டவர் எப்படி இறங்குவார்?

குளிரும் தெர்மாமீட்டரில் காண்பதோடு நிற்பதில்லை. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் மோதினால், தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரி போலப் படும். முதலில் மரத்துப்போவது விரல்கள். கிளச்சும் பிரேக்கும் அந்த விரல்களில்தான் இருக்கின்றன.

எஞ்சினுக்கும் காற்று வேண்டும். காற்று மெலிந்தால் சக்தி குறையும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் விகிதம் கூடிப் புகைந்து திணறும். புதிய வண்டிகளில் உள்ள பெட்ரோல் ஊசிமுறை விகிதத்தைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் இழந்த சக்தியைத் திருப்பித் தராது. கடுங்குளிரில் பேட்டரியின் திறன் ஏறத்தாழப் பாதியாகிவிடும், எஞ்சின் எண்ணெய் கெட்டிப்படும். இரண்டும் சேர்ந்தால் காலையில் வண்டி கிளம்புவதே சந்தேகம்.

திறப்பது யார்?

1948 வரை ஸோஜிலாவில் கோவேறு கழுதைகள் போகும் பாதைதான் இருந்தது. அவ்வாண்டுப் போரில், பால்தாலிலிருந்து கணவாய்க்கு டாங்கிகள் ஏறும்படி அப்பாதையை அகலப்படுத்தியவர்கள் மேஜர் தங்கராஜு தலைமையில் சென்ற மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர். தென்னிந்தியாவின் வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் வெட்டிய பாதையில் 1-11-1948 அன்று டாங்கிகள் ஏறிக் கணவாயைக் கைப்பற்றின. அதே கணவாய்ச் சாலையை இன்று எல்லைச் சாலை நிறுவனம் பராமரிக்கிறது. நம் கிரேட் நிக்கோபார் தீவில் காடு வெட்டிச் சாலை போட்டவர்களும் இந்நிறுவனத்தார்தான் என்பது இங்குள்ள மூத்தவர்களுக்குத் தெரியும்.

முன்பெல்லாம் ஸோஜிலா ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் மூடிக்கிடக்கும். பனி வெட்டும் இயந்திரங்களை இரு பக்கத்திலிருந்தும் செலுத்தி, அந்தக் காலத்தைப் படிப்படியாகக் குறைத்திருக்கிறார்கள். 2022-இல் 73 நாள், 2023-இல் 68 நாள், 2024-இல் 35 நாள், 2025-இல் 32 நாள் என்று ஆகியிருக்கிறது. ஸோஜிலாவுக்கு அடியில் 13 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுரங்கப்பாதையின் வேலையும் 2020-இல் தொடங்கியது. ஆகவே சாலையை மூடுபவர்கள் சோம்பலால் மூடவில்லை. ஒரு நாளாவது முன்னதாகத் திறந்துவிட வேண்டுமென்று உயிரைப் பணயம் வைத்து வேலை செய்பவர்களே, "இன்று முடியாது" என்று தடுப்பைப் போடுகிறார்கள்.

பனியை வெட்டிய உடனேயும் திறந்துவிடுவதில்லை. மேற்சரிவின் நிலை, பனிச்சரிவு பற்றிய எச்சரிக்கை, சாலையின் விளிம்பு எல்லாம் பார்க்கப்படும். சோதனையாகச் சில வண்டிகள் விடப்படும். பிறகு ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும், சங்கிலி கட்டிய வண்டிகள் மட்டும் என்று விதிப்பார்கள். அதன் பிறகே எல்லாருக்கும் வழி.

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் ரயில்வே பின்பற்றிய டோக்கன் முறையும் இதே தத்துவம்தான். எதிரே பாதை காலியாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், நிலைய அதிகாரி தரும் டோக்கன் கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை நகர்த்தமாட்டார். கண்ணுக்குத் தெரிவது சில நூறு மீட்டர்தான். பாதையின் முழு நிலை தெரிந்தவர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்களுக்கும் தகவல் எட்டாதபோது என்ன நேரும் என்பதற்கு அரியலூர் சாட்சி. 23-11-1956 அன்று மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சேதமடைந்தது தெரியாமல் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதன்மேல் ஏறியது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாதை கெட்டிருக்கிறது என்று ஒருவர் முன்கூட்டியே அறிந்து தடுப்புப் போட்டுவைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பதை அரியலூரை நினைத்தால் உணரலாம். அந்தத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போவதை என்னவென்று சொல்வது?

தேடி வருபவர்கள்

"என் உயிர், என் விருப்பம்" என்று சொல்பவர்களும் உண்டு. தீவுவாசிகளாகிய நமக்கு இதற்கு விடை எளிது. கடல் கொந்தளித்தால் ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் கப்பல் நிறுத்தப்படும். நாம் முணுமுணுப்போம், ஆனால் தோணியை எடுத்துக்கொண்டு கிளம்பமாட்டோம். 2016 டிசம்பரில் புயல் வந்தபோது அவ்விரு தீவுகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையினரும் கடலோரக் காவல்படையினரும் சென்று அவர்களை அழைத்து வந்தார்கள். அன்று யாராவது வீம்புக்குத் தோணி விட்டிருந்தால், அவரைத் தேடி இன்னொரு படகு அந்தக் கடலில் இறங்க வேண்டியிருந்திருக்கும்.

மலையிலும் அதுவே. 4-4-2023 அன்று சிக்கிமில் நாதூ லா செல்லும் சாலையில் பனிச்சரிவு இறங்கி 7 பேர் இறந்தனர். அன்று சுற்றுலா வண்டிகளுக்கு 13-ஆவது மைல் வரைதான் அனுமதி. விபத்து நடந்தது அதைத் தாண்டிய இடத்தில். உடனே படைவீரர்களும், எல்லைச் சாலைத் தொழிலாளர்களும், காவலர்களும் மண்வெட்டியோடு அதே சரிவின் கீழே இறங்கிப் பனியைத் தோண்டினார்கள். இரண்டாவது சரிவு இறங்காது என்று அவர்களுக்கு யாரும் உறுதி கொடுக்கவில்லை. தடுப்பைத் தாண்டுபவர் தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. தமக்கு முகம் தெரியாத பலருடைய உயிரையும் அவர்களைக் கேளாமலே சேர்த்துப் பணயம் வைக்கிறார்.

நமக்கு ஜிர்காடாங் கேட் தெரியும். ஜாரவா மக்களின் காட்டுக்குள் குறித்த நேரத்தில், வரிசையாக, காவலோடுதான் வண்டிகள் போக வேண்டும். அந்தக் கேட் வண்டி ஓட்டுபவரின் நன்மைக்காக மட்டும் வைத்ததன்று. கேட்டுக்கு அப்பால் வாழ்பவர்களுக்காக வைத்தது. கேட்டில் காத்திருக்கப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இமயமலைத் தடுப்பின் பொருளும் விளங்காமல் போகாது.

போக விரும்புவோருக்கு

பனியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியில் 1956 முதல் கடுங்குளிரில் "யானைக் கூட்டம்" என்ற பெயரில் மோட்டார் சைக்கிள்காரர்கள் ஒன்றுகூடிப் பனியில் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். பனி வாரித் திறந்துவைத்த சாலைகள் அங்கு போவதற்கு உண்டு. அவர்களும் ஆல்ப்ஸ் மலையில் குளிர்காலத்துக்கு மூடிய கணவாய்களைத் திறக்கும்வரை காத்திருக்கத்தான் செய்கிறார்கள்.

நம் இளைஞர்களுக்கு என் யோசனைகள் இவை:

1. கணவாய்களைக் கடக்க விரும்பினால் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள காலத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் சாலையோரத்தில் பனியைப் பார்க்கலாம்.

2. குளிர்காலத்திலேயே போக வேண்டுமானால், அன்றைய தினம் அதிகாரிகள் திறந்துவைத்த சாலையில் மட்டும் செல்லுங்கள். புறப்படும் காலையில் மாவட்டக் காவல்துறையின் சாலை அறிவிப்பைக் கேட்டறியுங்கள். நேற்றைய அறிவிப்பு இன்றைக்கு உதவாது.

3. விமானத்தில் நேராக லே சென்றால் குறைந்தது இரண்டு நாள் ஓய்வெடுங்கள். மூச்சுத் திணறினால் கீழே இறங்குங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம்.

4. தனியே போகாதீர்கள். எந்த வழியாக, எப்போது திரும்புவீர்கள் என்று தங்கும் இடத்திலும் வீட்டிலும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

5. சாலையில் பனிக்கட்டி தென்பட்டால் திரும்பிவிடுங்கள். ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதை மேலே போட்ட கணக்கு காட்டும்.

6. தடுப்பு போட்டிருந்தால் அங்கேயே வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காவலுக்கு நிற்பவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அந்த மலையைப் பற்றி அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வந்து இந்த இதழில் எழுதுங்கள்; நாங்களெல்லாம் படிக்கக் காத்திருக்கிறோம்.

நிற்கும் தூரக் கணக்கை வேறு வேகங்களுக்கும் சரிவுகளுக்கும் போட்டுப் பார்க்க விரும்பும் மாணவர்கள், மேலே சொன்ன முறையிலேயே செய்து பார்க்கலாம். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்காவதை அவர்களே காண்பார்கள். பெற்றோரும் உடனிருந்து பார்ப்பது நல்லது.